பெய்ஜிங், சீஆன், ஷாங்காய்: ஊர் பார்ப்பதும் சந்தையில் பேரம் பேசுவதும்

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரலில் நானும் கணவரும் மாமியாரும் சீனா போகிறோம். பெய்ஜிங்கில் இறங்கி, ரயிலில் சீஆன், அங்கிருந்து ஷாங்காய், பிறகு வீடு. விசா கைக்கு வந்துவிட்டது. டூர் கம்பெனியோடு போகவில்லை, நாங்களே திட்டம் போடுகிறோம்.

கேட்க வேண்டியவை இரண்டு. மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. ஆனாலும் பெருஞ்சுவரில் நடக்காமல் திரும்ப மாட்டேன் என்று உறுதியாக இருக்கிறார். அவருக்கு ஏற்ற பகுதி எது?

அடுத்தது சந்தை. அவருக்கு ஒரு முத்துமாலை, எனக்குப் பட்டு, வீட்டுக்குக் கொஞ்சம் தேயிலை வாங்க ஆசை. போய் வந்தவர்களைக் கேட்டால், "சொல்கிற விலையில் பத்தில் ஒரு பங்கு கேள், அங்கிருந்துதான் பேச்சே" என்கிறார்கள். ஆயிரம் சொல்லும் பொருளை நூறுக்குக் கேட்க எனக்கு வாய் வராது. அங்கே உண்மையிலேயே அப்படித்தானா? நாங்கள் மூவரும் சைவம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சிங்கைத்தமிழ் எழுதியது:

சகோதரி, பெருஞ்சுவருக்கு மூத்தியான்யூ போங்கள். பெய்ஜிங்கிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். பாதாலிங் பகுதிக்கு 2019 டிசம்பர் முதல் அதிவேக ரயிலே போகிறது, அந்த வகையில் அது சுலபம்தான். ஆனால் கூட்டம் அதிகம், படிகளும் செங்குத்து. மூட்டு வலி உள்ளவரைக் கூட்டத்தில் நெருக்கியடித்து நடக்கவைக்க வேண்டாம்.

மூத்தியான்யூவில் மேலே போக இரண்டு வழிகள். மூடிய கேபிள் கார் சுவரின் 14ஆம் காவல் கோபுரத்தருகே விடும். திறந்த நாற்காலி லிஃப்ட் 6ஆம் கோபுரத்தருகே விடும். இரண்டையும் நடத்துவது வேறு வேறு நிறுவனங்கள், ஒன்றின் சீட்டு மற்றதில் செல்லாது. அம்மாவுக்குக் கேபிள் கார்தான் சரி. ஏறிய இடத்திலேயே இறங்கிவிடலாம். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: சுவரின் மேல் சமதளம் குறைவு. மலையின் முதுகோடு அதுவும் ஏறி இறங்கும். ஒரு படி அரை அடி இருக்கும், அடுத்த படி முழங்கால் உயரம் இருக்கும். 14ஆம் கோபுரத்திலிருந்து எண் குறையும் பக்கமாக நடந்தால் ஓரளவு எளிது. 20ஆம் கோபுரப் பக்கம் கடைசி ஏற்றம் இளைஞர்களுக்கே மூச்சு வாங்கும்.

பேரரசர்களின் பழைய அரண்மனையான தடைசெய்யப்பட்ட நகரத்துக்கு வாசலில் போய்ச் சீட்டு வாங்க முடியாது. பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். ஏழு நாள் முன்னதாகத்தான் திறப்பார்கள், ஏப்ரல் போன்ற மாதங்களில் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கட்டணம் 60 யுவான். திங்கட்கிழமை விடுமுறை. தெற்கு வாசல் வழியாக நுழைந்து வடக்கு அல்லது கிழக்கு வாசல் வழியாக வெளியேற வேண்டும், வந்த வழியே திரும்ப விட மாட்டார்கள். வடக்கு வாசலுக்கு எதிரே ஜிங்ஷான் குன்று இருக்கிறது. மிங் வம்சத்தின் கடைசிப் பேரரசர் 1644இல் தூக்கிட்டு இறந்தது அங்கேதான். மேலே ஏறினால் அரண்மனையின் மஞ்சள் ஓட்டுக்கூரை முழுவதையும் ஒரே பார்வையில் காணலாம். அம்மாவால் ஏற முடியாவிட்டாலும் நீங்கள் யாராவது ஒருவர் ஏறிப் பாருங்கள். அரண்மனை எவ்வளவு பெரிது என்பது கீழே நடக்கும்போது பிடிபடாது, மேலே போனால்தான் பிடிபடும்.

தியானன்மென் சதுக்கத்துக்கும் முன்பதிவும் பாதுகாப்புச் சோதனையும் உண்டு. பாஸ்போர்ட் எப்போதும் கையில் இருக்கட்டும்.

பேரம் பற்றி நம் குவாங்சோவாசி அண்ணன் சொல்வார். அவர் அங்கேயே இருந்து சரக்கு எடுப்பவர்.

குவாங்சோவாசி எழுதியது:

அழைத்ததற்கு நன்றி. சகோதரி, உங்கள் கூச்சம் நல்ல கூச்சம்தான். அதை விட வேண்டாம். பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கைத்தான் விட வேண்டும்.

முதலில் எங்கே பேரம் உண்டு, எங்கே இல்லை என்று பிரித்துக்கொள்ளுங்கள். சூப்பர் மார்க்கெட், மால், மருந்துக்கடை, உணவகம், பெயர்ப்பலகை போட்ட தேயிலைக் கடை, அருங்காட்சியகக் கடை ஆகியவற்றில் ஒட்டியிருப்பதுதான் விலை. பேரம் நடப்பது சுற்றுலாப் பயணிகளை நம்பியிருக்கும் சந்தைகளில்: பெய்ஜிங்கில் ஹோங்ச்சியாவ் முத்துச் சந்தை, சியூஷுய் பட்டுத் தெரு, பான்ச்சியாயுவான் பழம்பொருள் சந்தை, ஷாங்காயில் அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியக மெட்ரோ நிலையத்துக்குள் இருக்கும் சந்தை, யூயுவான் தோட்டத்தைச் சுற்றியுள்ள சிறு கடைகள், சீஆனில் முஸ்லிம் தெருவின் நினைவுப்பொருள் கடைகள்.

இந்தச் சந்தைகளில் முதலில் சொல்லும் விலைக்குப் பொருளோடு சம்பந்தமே இல்லை. உங்கள் கைக்கடிகாரம், செருப்பு, நீங்கள் பேசும் ஆங்கிலம், பின்னால் வழிகாட்டி நிற்கிறாரா என்பது, இவற்றைப் பார்த்துச் சொல்லும் விலை அது. வழிகாட்டி கூட்டிக்கொண்டு வந்தால் அவருக்கும் அதில் பங்கு உண்டு. ஆக, ஒருவரிடம் 200 சொல்லும் பொருளை இன்னொருவரிடம் 900 சொல்வார்கள். பத்தில் ஒன்று என்று போனால் முதலாமவர் 20 கேட்டு விரட்டப்படுவார், இரண்டாமவர் 90 கேட்டு, "சரி, எடுத்துக்கோ" என்ற பதிலை உடனே வாங்கிக்கொண்டு வருவார். அவர்கள் சொல்லும் எண்ணிலிருந்து நீங்கள் கணக்கைத் தொடங்கினால் பேரத்தின் கடிவாளம் அவர்கள் கையில்தான்.

நான் சொல்வது இதுதான். கடைக்குள் நுழையும் முன்பே உங்கள் விலையைத் தெரிந்துகொண்டு போங்கள். தாவோபாவ் செயலியில் படத்தை வைத்துத் தேடினால் அதே பொருளோ அதைப் போன்றதோ சீனர்களுக்கு என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று தெரியும். விடுதி அறையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பாருங்கள். இணையத்தில் 50 யுவானுக்குக் கிடைக்கும் சால்வையைச் சந்தையில் 70, 80க்கு வாங்கினால் அது நியாயம்தான். கடை வாடகை இருக்கிறது, நிற்கும் பெண்ணுக்குச் சம்பளம் இருக்கிறது. அந்தப் பெண் பெரும்பாலும் முதலாளி அல்ல. வேறு மாகாணத்திலிருந்து பிழைக்க வந்து, சம்பளத்துக்கும் கமிஷனுக்கும் காலை முதல் இரவு வரை நிற்பவர்.

எண்ணைக் கால்குலேட்டரில் தட்டிக் காட்டுவார்கள். நீங்களும் தட்டுங்கள். விரலிலும் காட்டுவார்கள், ஐந்துக்குமேல் நம் வழக்கம் அங்கே செல்லாது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் 6. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நீட்டினால் 8. அதை இரண்டு என்று நினைத்துத் தலையாட்டிவிடாதீர்கள். ஆள்காட்டி விரலைக் கொக்கிபோல் வளைத்தால் 9.

சில சொற்கள்: "துவோ ஷாவ் ச்சியென்?" என்றால் விலை என்ன. "தாய் குயி லெ" என்றால் ரொம்ப அதிகம். "பியென்யீ தியார்" என்றால் கொஞ்சம் குறையுங்கள். "பூ யாவ்" என்றால் வேண்டாம். யுவானைப் பேச்சில் "க்வாய்" என்பார்கள்.

விலை படியாவிட்டால் சிரித்துக்கொண்டே நகருங்கள். பத்தடி போவதற்குள் கூப்பிட்டால் உங்கள் விலை சரியான விலை. கூப்பிடாவிட்டால் நீங்கள் கேட்டது அவர்களுக்குக் கட்டுப்படியாகாத விலை. அடுத்த கடையில் அதே பொருள் இருக்கும், அங்கே கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள். நீங்கள் சொன்ன விலைக்கு அவர் ஒத்துக்கொண்டுவிட்டால் வாங்கியே ஆக வேண்டும். அதற்குப்பின் "வேண்டாம்" என்பது அங்கே பெரிய அவமரியாதை. வாங்கும் எண்ணம் இல்லாத பொருளுக்கு விலையே கேட்காதீர்கள்.

காலையில் முதல் ஆளாகப் போவதும் உதவும். போணியாகட்டும் என்ற எண்ணம் அங்கேயும் உண்டு.

பொன்னிநதி எழுதியது:

குவாங்சோவாசி அண்ணன் அனுபவசாலி, மறுக்கவில்லை. ஆனால் அவர் மொத்த வியாபாரி, மொழி தெரிந்தவர். எங்களைப் போல வருபவர்களுக்குப் பத்தில் ஒன்றுதான் பாதுகாப்பு என்று நான் இன்னமும் சொல்வேன். ஒரு சந்தையில் சால்வைக்கு 450 சொன்னார்கள். நான் 40 என்று தட்டினேன். அந்தப் பெண் முகத்தைச் சுளித்தார், கையைப் பிடித்து இழுத்தார், "நண்பரே, இது விளையாட்டு விலை" என்றார். கடைசியில் 70. என்னோடு வந்தவர் நாகரிகம் பார்த்துப் பாதி விலை கேட்டார், 200க்கு வாங்கினார். அதே சால்வை, அதே கடை.

முன்கூட்டியே விலை பார்த்துக்கொள் என்று சொல்வது சுலபம். சந்தையில் கண்ணில் படும் பொருளைத்தானே வாங்குகிறோம்? எல்லாவற்றுக்கும் விடுதியில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்ய முடியுமா? கையைப் பிடித்து இழுப்பதும் வழிமறிப்பதும் அவர்கள் தொழில் முறை என்றால், அடிமட்ட விலை கேட்பது நம் முறை.

குவாங்சோவாசி எழுதியது:

பொன்னிநதி, உங்கள் 70 நல்ல விலைதான். நீங்கள் அதை 40இல் தொடங்கியதால் வாங்கவில்லை, 70க்குமேல் தர மாட்டேன் என்று நின்றதால் வாங்கினீர்கள். நண்பரிடம் அப்படி ஓர் எல்லை இல்லை. அதனால்தான் 200.

அப்புறம், இந்தக் கணக்கை எல்லா இடத்துக்கும் கொண்டுபோவதுதான் எனக்கு வருத்தம். சீஆன் தெருவில் ஒரு பாட்டி தன் வீட்டில் செய்த துணிப் புலிப்பொம்மையை 40 யுவானுக்கு விற்கிறார். ஒரு சுற்றுலாப் பயணி 4 யுவான் கேட்டதை நான் நேரில் பார்த்தேன். அந்தப் பாட்டி பதில் பேசவில்லை, பொம்மையை வாங்கி உள்ளே வைத்துவிட்டார். பட்டுத் தெரு கடைக்காரருக்கு அது தினசரி விளையாட்டு. இவருக்கு அது தன் கைவேலையின் மேல் விழுந்த அடி. யாரிடம் பேசுகிறோம் என்று பார்க்காமல் ஒரே கணக்கைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், இங்கே படிப்பவர்கள் பலர் முதல் முறையாகப் போகிறவர்கள்.

தேயிலைப்பிரியை எழுதியது:

தேயிலை பற்றி யாரும் சொல்லவில்லையே. அதில் விலையைவிட எடைதான் முக்கியம்.

சீனச் சந்தைகளில் எடை "ச்சின்" கணக்கில் இருக்கும். ஒரு ச்சின் 500 கிராம், கிலோ அல்ல. அதில் பத்தில் ஒன்று "லியாங்", அதாவது 50 கிராம். சுற்றுலா இடங்களில் தேயிலை, உலர்பழம், இனிப்பு விற்பவர்கள் சிலர் அட்டையில் பெரிதாக 28 என்று போட்டு, லியாங் என்பதைச் சின்னதாகச் சீன எழுத்தில் எழுதியிருப்பார்கள். கால் கிலோ அள்ளிப் போட்டபின் 140 யுவான் என்பார்கள். அதனால் அள்ளும் முன்பே, எத்தனை கிராமுக்கு இந்த விலை என்று கைப்பேசியில் 500 அல்லது 50 என்று தட்டிக் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். இனிப்பை வெட்டிவிட்டால் வாங்கியே தீர வேண்டும் என்று நிற்பார்கள். வெட்டும் முன்பே எடையைச் சொல்லுங்கள்.

ஏப்ரலில் போகிறீர்கள், அதிர்ஷ்டம். ஹாங்சோ ஊரின் லோங்ஜிங் தேயிலையில் ச்சிங்மிங் நாளுக்கு முன், அதாவது ஏப்ரல் 4, 5க்கு முன் பறித்த கொழுந்துதான் உயர்ந்தது. புதுத் தேயிலை வரும் நேரம் அது. அதே காரணத்தால் அந்தப் பெயரில் வேறு ஊர்த் தேயிலையும் தாராளமாக விற்கப்படும். தெருக்கடையில் "ச்சிங்மிங்குக்கு முந்தையது" என்று மலிவாகக் கொடுத்தால் நம்ப வேண்டாம். குடித்துப் பார்க்கக் கேளுங்கள், எந்த நல்ல கடையிலும் தயங்காமல் போட்டுத் தருவார்கள். பிடித்திருந்தால் 100 கிராம் போதும். பச்சைத் தேயிலை பழசானால் மணம் போய்விடும், அள்ளிக்கொண்டு வருவதில் பயனில்லை.

இன்னொன்று. பெய்ஜிங் வாங்ஃபூஜிங், ஷாங்காய் நான்ஜிங் சாலை, மக்கள் சதுக்கம் பக்கம் மாணவிகள் என்று சொல்லிக்கொண்டு இரண்டு மூன்று பேர் ஆங்கிலத்தில் பேச வருவார்கள். போட்டோ எடுத்துத் தரச் சொல்வார்கள், நன்றாகப் பழகுவார்கள், பிறகு "தேநீர்ச் சடங்கு பார்க்கலாம் வாருங்கள்" என்று ஓர் அறைக்குக் கூட்டிப் போவார்கள். சின்னச் சின்னக் கிண்ணங்களில் தேநீர் வரும், கடைசியில் ஆயிரக்கணக்கான யுவானுக்குப் பில் வரும். பல ஆண்டுகளாக நடக்கும் ஏமாற்று இது. தானாக வந்து பேசி எங்கோ கூப்பிடும் யாரோடும் போக வேண்டாம்.

நெய்தல்கரை எழுதியது:

முத்தும் பட்டும் என் துறை, அதனால் எழுதுகிறேன்.

ஹோங்ச்சியாவ் சந்தையில் விற்பவை பெரும்பாலும் நன்னீர் முத்துகள். ஷெஜியாங் மாகாணத்தின் ஜூஜி ஊர்ப் பக்கம்தான் இதற்குப் பெரிய மையம். நல்ல முத்துதான், கடல் முத்து என்று சொல்லிக் கடல் முத்து விலை கேட்டால் மட்டும் நகர்ந்துவிடுங்கள். இரண்டு முத்துகளை ஒன்றோடொன்று மெல்ல உரசினால் உண்மை முத்து நறநறக்கும், கண்ணாடி முத்து வழுக்கும். துளையின் ஓரத்தைப் பாருங்கள். பூச்சு உரிந்து உள்ளே கண்ணாடி தெரிந்தால் போலி. மாலை முழுவதும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தால் சந்தேகப்படுங்கள், இயற்கையில் சிறு வேறுபாடு இருக்கும். தேர்ந்தெடுத்த சரத்தை அங்கேயே கோத்துத் தருவார்கள். ஒவ்வொரு முத்துக்கும் நடுவில் முடிச்சுப் போடச் சொல்லுங்கள். அறுந்தாலும் ஒன்றுதான் விழும், முத்தும் ஒன்றோடொன்று தேயாது. கூலி சேர்த்துத்தான் விலை என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

பட்டில் ஒரு நூலை எரித்தால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கட்டியாகும். எரித்துக் காட்டும் நூல் நீங்கள் வாங்கும் அதே துணியிலிருந்து உருவியதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். "நூறு சதவீதம் பட்டு" என்ற அட்டை எதற்கும் சான்றல்ல.

பட்டுத் தெரு பழைய நாளில் திறந்தவெளிச் சந்து. 2005 ஜனவரியில் அதை மூடி, அதே ஆண்டு மார்ச்சில் பக்கத்திலேயே மாடிக் கட்டடமாகத் திறந்தார்கள். அந்த ஆண்டே ஐரோப்பிய நாகரிக நிறுவனங்கள் ஐந்து, தங்கள் முத்திரையைப் போலியாகப் போட்ட பைகளுக்காக வழக்குப் போட்டு வென்றன. இன்றும் யாராவது பட்டியலைக் காட்டி "உள் அறைக்கு வாருங்கள், பிராண்டு பை இருக்கிறது" என்றால் வேண்டாம். பட்டுக்கும் தையலுக்கும் மட்டும் போங்கள். ஜேட் என்னும் பச்சைக்கல் வாங்கவே வாங்காதீர்கள். அதில் தரம் பார்க்க வருடக்கணக்கான பழக்கம் வேண்டும்.

சிங்கைத்தமிழ் எழுதியது:

பணம் பற்றிச் சுருக்கமாக. கிளம்பும் முன்பே அலிப்பே, வீச்சாட் இரண்டையும் கைப்பேசியில் போட்டு, பாஸ்போர்ட் விவரத்தைக் கொடுத்துச் சரிபார்த்து, உங்கள் விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ இணைத்துவிடுங்கள். 200 யுவான் வரை கட்டணம் இல்லை, அதற்குமேல் போனால் 3 சதவீதம் பிடிப்பார்கள். சின்னக் கடைக்காரர் தன் சொந்தக் கணக்கின் க்யூஆர் அட்டையை வைத்திருந்தால் வெளிநாட்டுக் கார்டில் பணம் போகாமல் நிற்கலாம். அதற்காக 10, 20, 50 தாள்களாகக் கொஞ்சம் ரொக்கம் வேண்டும். பேரத்திலும் அது உதவும்: 80 என்று பேசிவிட்டு நூறு தாளை நீட்டுவதைவிடச் சரியாக எண்ணிக் கொடுப்பது நல்லது.

கூகுளும் வாட்ஸாப்பும் அங்குள்ள வைஃபையில் வேலை செய்யாது. ஊரிலிருந்தே ரோமிங் எடுத்துப் போனால் பெரும்பாலும் வேலை செய்யும்.

சாப்பாடு: "வோ ச்சி சூ" என்றால் நான் சைவம். ஆனால் காய்கறி என்று வரும் தட்டிலும் பன்றி இறைச்சித் தூளோ கோழிச்சாறோ இருக்கக்கூடும். இறைச்சி, மீன், கோழிச்சாறு எதுவும் வேண்டாம் என்று சீனத்தில் எழுதி வைத்துக் காட்டுங்கள். ஷாங்காயில் கோங்தெலின் என்ற சைவ உணவகம் 1922 முதல் இருக்கிறது.

கல்வெட்டுக்காதலன் எழுதியது:

பேச்சு சந்தையைச் சுற்றியே போகிறது, ஒரு கோரிக்கை வைக்கிறேன். சீஆன் போகிறீர்கள், பெரிய காட்டுவாத்துக் கோபுரத்தை விட்டுவிடாதீர்கள். நாம் பள்ளியில் படித்த யுவான் சுவாங், இந்தியாவிலிருந்து 645இல் திரும்பிக் கொண்டுவந்த சுவடிகளை வைப்பதற்காக 652இல் எழுப்பப்பட்டது அது. அந்த மனிதர் பல்லவர் காலக் காஞ்சிக்கு வந்து, அதைப் பற்றி எழுதியும் வைத்தவர். கோபுரத்தின் முன்னால் அவர் சிலை நிற்கிறது. நம் ஊரை நேரில் பார்த்த ஒருவரின் ஊருக்கு நாம் பதிலுக்குப் போகிறோம் என்ற எண்ணமே எனக்கு உடல் சிலிர்க்கவைத்தது.

இன்னொரு முறை சீனா போனால் ஃபூஜியான் மாகாணத்துச் சுவான்சோவுக்குப் போங்கள். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த துறைமுகம் அது. சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளச் செய்த செய்தி அதில் இருக்கிறது. கையுவான் புத்தக் கோயிலின் பின்பக்கத் தூண்களில் கண்ணன் கதைகள் செதுக்கியிருக்கும். இடிந்துபோன இந்துக் கோயிலின் தூண்களை எடுத்து அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். 2021இல் அந்த நகரம் உலக மரபுச் சின்னமானது. நம் வணிகர்களும் அங்கே பேரம் பேசியவர்கள்தான்.

வைகைக்கரை எழுதியது:

இத்தனை பேர் இத்தனை அக்கறையாக எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது! எல்லாவற்றையும் அச்செடுத்துக் கணவரிடம் கொடுத்திருக்கிறேன். காட்டுவாத்துக் கோபுரம் திட்டத்தில் ஏறிவிட்டது. போய்வந்து எழுதுகிறேன்.

வைகைக்கரை எழுதியது:

திரும்பிவிட்டோம். சொன்னபடி எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

மூத்தியான்யூவில் மாமியார் கேபிள் காரிலிருந்து இறங்கி இரண்டு கோபுரம் தாண்டி நடந்தார். ஒவ்வொரு படியிலும் கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டே. மலைச்சரிவெல்லாம் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்திருந்தது. அந்தச் செங்கற்களை இந்த உச்சிக்கு யார் சுமந்திருப்பார்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். சிங்கைத்தமிழ், உங்கள் யோசனைக்கு அவர் தனியாக நன்றி சொல்லச் சொன்னார்.

சொர்க்கக் கோயில் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதியே ஆக வேண்டும். 1420இல் கட்டியது. நல்ல விளைச்சலுக்காகப் பேரரசர் வேண்டிக்கொண்ட வட்ட மண்டபம் 1889இல் இடி விழுந்து எரிந்து, மறுபடி கட்டப்பட்டது. உள்ளே 28 மரத்தூண்கள். நடுவில் நாலு பருவங்களுக்கு நாலு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு, பொழுதுகளுக்குப் பன்னிரண்டு. ஆனால் எங்களைக் கட்டிப்போட்டது வெளியே இருந்த கூட்டம். காலையில் அந்தப் பூங்கா முழுக்க ஓய்வுபெற்றவர்கள். நீள நடைக்கூடத்தில் சீட்டாட்டம், ஒரு பக்கம் கூட்டமாகப் பாட்டு, ஒரு பக்கம் நடனம். ஒரு மூதாட்டி மாமியாரின் புடவைத் தலைப்பைத் தொட்டுப் பார்த்து என்னவோ கேட்டார். இவர் தமிழில் பதில் சொன்னார். இருவரும் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், என்ன பேசினார்கள் என்று இருவருக்குமே தெரியாது. சந்தைக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியை அங்கேயே செலவழித்தோம். எனக்குத் துளியும் வருத்தமில்லை.

ஹோங்ச்சியாவ் சந்தை அந்தப் பூங்காவின் கிழக்கு வாசலுக்கு எதிரேதான். முந்தைய இரவு இணையத்தில் பார்த்ததில், எங்களுக்குப் பிடித்த அளவு நன்னீர் முத்துச் சரம் 120லிருந்து 180க்குள் இருந்தது. 160 எங்கள் எல்லை என்று மூவரும் முடிவு செய்துகொண்டோம். கடையில் 680 என்றார்கள். மாமியார் சரத்தை வாங்கி உரசிப் பார்த்தார், துளையைப் பார்த்தார், கண்ணுக்கருகே கொண்டுபோய் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். மூன்று முத்து சரியில்லை என்று விரலால் ஒதுக்கினார். அதைப் பார்த்ததுமே அந்தப் பெண்ணின் முகம் மாறியது. கால்குலேட்டரில் தானே 380 என்று தட்டினார். நாங்கள் இன்னும் வாயே திறக்கவில்லை. நான் 120 தட்டினேன். அவர் 260. நான் 140. அவர் தலையாட்டிவிட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டி, "யீ பாய் பா" என்றார், 180. குவாங்சோவாசி அண்ணன் சொல்லியிராவிட்டால் அந்த விரலை நான் வேறு எண்ணாகத்தான் படித்திருப்பேன். நான் 160 தட்டிவிட்டுப் பேசாமல் நின்றேன். கொஞ்ச நேரம் அவரும் பேசவில்லை. பிறகு சிரித்துக்கொண்டே ஊசியையும் நூலையும் எடுத்தார். மூன்று முத்தையும் மாற்றி, முடிச்சுப் போட்டு, எங்கள் கண்முன்னாலேயே கோத்துத் தந்தார். அந்த விரல்களின் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இந்த வேலைக்கே அந்த விலை தகும் என்று தோன்றியது.

சீஆனில் மண்வீரர்களை, அதாவது முதல் பேரரசரின் கல்லறைக்காகச் செய்து புதைத்த சுடுமண் வீரர் சிலைகளைப் பார்க்க 9ஆம் தட மெட்ரோவில் ஹுவாச்சிங்ச்சி வரை போய், அங்கிருந்து பேருந்து. ரயில் நிலையத்தில் "மண்வீரர் டூர்" என்று கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. வேறு ஏதோ பொம்மைக் காட்சிசாலைக்குக் கொண்டுபோய் விடுவார்கள் என்று படித்திருந்தேன். 1974இல் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்டது இது. முதல் குழி 230 மீட்டர் நீளம். முன்வரிசை வீரர்களைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நீங்கள் குழியின் பின்பக்கம் வரை நடந்து போங்கள். அங்கே உடைந்த கைகள், தலைகள், சக்கரச் சுவடுகள் அப்படியே மண்ணில் கிடக்கின்றன, உடைந்தவற்றை ஒட்டும் வேலையும் நடக்கிறது. இவர்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் நிறம் பூசியிருந்தது, மண்ணைவிட்டு எடுத்ததும் உதிர்ந்துவிட்டது என்று படித்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

முஸ்லிம் தெருவில் ஆட்டிறைச்சி வாசம் அதிகம், ஆனால் பட்டினி கிடக்கவில்லை. பேரீச்சை போன்ற சீன இலந்தையும் பசையரிசியும் அடுக்கி அவித்த இனிப்பு, சீமைப்பனிச்சைப் பழ அப்பம், மாதுளைச் சாறு எல்லாம் கிடைத்தன. உலர்பழக் கடையில் தேயிலைப்பிரியை சொன்னது நடந்தது. அட்டையில் 25. நான் 500 என்று தட்டிக் காட்டியதும் அவர் 50 என்று திருத்தினார். வேண்டாம் என்று கைகூப்பி நகர்ந்தேன். அதே தெருவில் துணிப் புலிப்பொம்மை விற்ற ஒரு பாட்டியிடம் 35 சொன்னதை 35க்கே வாங்கினேன். இரண்டாக எடுத்ததால் அவராகவே ஐந்து குறைத்தார்.

ஷாங்காயில் பட்டு வாங்கவில்லை. நேரம் நதிக்கரையிலேயே போய்விட்டது.

பொன்னிநதி எழுதியது:

சகோதரி, 680லிருந்து 160! நான் போயிருந்தால் 68இல் தொடங்கி ஒருவேளை 140க்கு முடித்திருப்பேன். ஆனால் சரியில்லாத முத்தைப் பார்த்து ஒதுக்க எனக்குத் தெரியாது, அந்த மூன்று முத்தோடுதான் வந்திருப்பேன். பொருளைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று அண்ணன் சொன்னதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். மிகக் குறைவாகத் தொடங்குவது தவறு என்பதை மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

குவாங்சோவாசி எழுதியது:

பட்டுத் தெருவில் தொடங்குங்கள், பாட்டியிடம் வேண்டாம். அவ்வளவுதான் நான் கேட்பது. வைகைக்கரை, பேசாமல் நின்றீர்களே, அதைத்தான் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவே முடியாது. எண்ணைச் சொன்னபின் வாயை மூடிக்கொள்ள எல்லோராலும் முடிவதில்லை.

மருதநிலம் எழுதியது:

இழை முழுவதையும் படித்தேன், அருமை. நான் அடுத்த மாதம் பெய்ஜிங் போகிறேன். பான்ச்சியாயுவானில் பழைய நாணயமும் பீங்கானும் வாங்க ஆசை. விமான நிலையத்தில் பிரச்சினை வருமா?

நெய்தல்கரை எழுதியது:

உண்மையிலேயே பழையது என்றால் வரும். 1911க்கு முந்தைய பொருள்களைச் சீனாவை விட்டு வெளியே கொண்டுபோகப் பொதுவாக அனுமதி கிடையாது. அதற்குப் பிந்தையவற்றிலும் சிலவற்றுக்கு அரசின் ஆய்வும் அரக்கு முத்திரையும் வேண்டும். ஆனால் பான்ச்சியாயுவானில் தரையில் பரப்பி விற்பவற்றில் பெரும்பகுதி புதிதாகச் செய்து பழசாக்கியவை. ச்சிங் வம்சத்து ஜாடி என்று சொன்னால், புது ஜாடிக்கு என்ன கொடுப்பீர்களோ அதைக் கொடுங்கள், ரசீதும் வாங்கி வையுங்கள். மாவோ காலத்துச் சுவரொட்டி நகல், தூரிகை, மைக்கல், தோல்பாவை போன்றவற்றில் அந்தச் சிக்கல் இல்லை, பார்க்கவும் அழகு. மெட்ரோ 10ஆம் தடத்தில் அதே பெயரில் நிலையம் இருக்கிறது. சனி, ஞாயிறு விடிகாலையிலேயே போய்விடுங்கள், அப்போதுதான் வெளியூர்க்காரர்கள் கடை விரிப்பார்கள்.